16-க்கு 16-ல் ஒரு சாம்ராஜ்யம்!

2016-ம் வருஷம், ஆகஸ்ட் 6-ம் தேதி. அர்ஜென்டினாக்காரர் மில்டன் குவாஸ்தி தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார். கிட்டத்தட்டப் பத்து வருஷமாக, பைசா சம்பளம் இல்லாமல், ஆசைக்காக மட்டுமே அவரும் அவரோடு சேர்ந்த சில ரசிகர்களும் உருவாக்கிய வீடியோ கேம் உலகத்துக்கு வெளியானது. இனாமாக!

அந்தத் தேதியில் ஒரு விசேஷம் இருந்தது. 'மெட்ராய்டு' என்ற ஜப்பானிய கேம் பிறந்து அன்றைக்குச் சரியாக 30 வருஷம். அதன் இரண்டாம் பாகம் 1991-ல் 'கேம்பாய்' என்ற குட்டி மெஷினுக்காக வந்தது. திரை உள்ளங்கை சைஸ். நிறம் என்று பார்த்தால் நான்கே நான்கு சாயல்தான். குவாஸ்தி கோஷ்டி அந்தக் கேமைக் கலரில், குகை குகையாக, பாறை பாறையாக மறுபடி உருவாக்கியிருந்தது. விளையாடிப் பார்த்தவர்கள் 'அடேயப்பா!' என்றார்கள்.

ஓரிரு நாள்தான். மெட்ராய்டின் சொந்தக்காரரான நிண்டெண்டோ கம்பெனியிடமிருந்து, அந்தக் கேமை வைத்திருந்த தளங்களுக்கு வக்கீல் கடுதாசி பறந்தது. டவுன்லோடு லிங்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அடுத்த வருஷம், அதாவது 2017-ல், அதே இரண்டாம் பாகத்தைப் புதுப்பித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது நிண்டெண்டோ.

பத்து வருஷத்து ராத்திரிகள் ஸார்! 'அடப்பாவமே' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் உச்சுக் கொட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கம்பெனியையும் ஒரேயடியாகத் திட்ட முடியவில்லை. அவர்கள் பெற்ற பிள்ளை. நாம் எவ்வளவுதான் சீராட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்தாலும், 'என் பிள்ளையைக் கொடு' என்று வந்து நின்றால் என்ன செய்வது?

அப்படியானால் ஆசைப்பட்ட கேமைச் சொந்தமாகச் செய்து பார்க்க வழியே கிடையாதா? இருக்கிறது. அந்த வழி, ஒரு கட்டத்துக்குள் 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் என்று ஆரம்பிக்கிறது. அதன் பெயர் டைல்.

ஃபூ... ஃபூ... கேஸட்!

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் கலரில் ஒரு கேஸட். மேலே '9999 கேம்கள்' என்று எழுதியிருக்கும். உள்ளே பார்த்தால் ஏழெட்டு கேமே திரும்பத் திரும்ப வேஷம் மாற்றிக்கொண்டு வரும். படம் வரவில்லையென்றால் கேஸட்டை உருவி, அடியில் 'ஃபூ... ஃபூ...' என்று ஊதி மறுபடி செருக வேண்டும். லீவு நாளில் டி.வி-யை அப்பா பிடித்துக்கொண்டுவிட்டால் அன்றைய பொழுது அம்பேல்!

அந்த மெஷின்களின் மூதாதை, ஜப்பானில் 1983-ல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபேமிகாம்'. நம் கடைகளில் விற்றதெல்லாம் அதைப் பார்த்து அடித்த நகல்கள். ஒரிஜினலுக்குள் படம் வரைவதற்கென்று இருந்த மெமரி எவ்வளவு தெரியுமா? 2 கே.பி! காலங்கார்த்தாலே வாட்ஸ்-அப்பில் உங்கள் சித்தப்பா அனுப்பும் ரோஜாப்பூ 'குட்மார்னிங்' இருக்கிறதே, அதன் ஓர் இதழ்கூட இதற்குள் அடங்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், ரெண்டே நிமிஷம்.

ஃபேமிகாமின் திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். பெருக்கினால் 61,440 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு நிறத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே, மொத்தத் திரைக்கும் 15,360 பைட் வேண்டும். கையில் இருப்பதோ சுமார் 2,000 பைட். மாதச் சம்பளம் இரண்டாயிரம், வாடகை பதினைந்தாயிரம் என்றால் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அங்கேதான் இன்ஜினீயர்கள் மூளையைப் பயன்படுத்தினார்கள். 1979-ல் நாம்கோ கம்பெனியின் 'கேலக்ஸியன்' போன்ற கேம்களிலேயே கையாண்ட உத்திதான். திரையைப் புள்ளி புள்ளியாக ஞாபகம் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, 8-க்கு 8 சைஸில் குட்டிக் குட்டிச் சதுரங்களாகப் பிரித்தார்கள். அகலவாக்கில் 32, உயரவாக்கில் 30, ஆக 960 சதுரங்கள். படங்களெல்லாம் கேஸட்டில் இருக்கும் சிப்பில் 256 டைல்களாக வரிசை நம்பரோடு உட்கார்ந்திருக்கும். 'இந்த இடத்தில் 37-ம் நம்பர் டைல், பக்கத்தில் 38, அதற்கடுத்து மறுபடி 37' என்று நம்பரை மட்டும் மெமரியில் குறித்து வைத்தால் போதும். 960 நம்பர், கூட எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்ற குறிப்புக்கு 64 பைட். மொத்தம் 1,024. சுத்தமாக 1 கே.பி! இரண்டு திரைகளையே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி செய்வதும் இதேதான். தரை முழுக்க யாரும் படம் வரைவதில்லை. நாலு தினுசு டைல், அதை ஒட்டும் சாமர்த்தியம், அவ்வளவுதான்.

மேகமே, நீதானா புதர்?

சிக்கனம் வந்துவிட்டால் கற்பனை பிய்த்துக்கொண்டு போகும். 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? முண்டாசுக்குப் பதில் தொப்பி போட்ட மீசைக்கார ப்ளம்பர். அந்தக் கேமில் வானத்தில் மேகம் மிதக்கும், தரையில் பச்சைப் புதர் நிற்கும். உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்! வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இத்தனை வருஷம் விளையாடியும் எனக்கு இது தெரியாது. ஒருநாள் தெரிந்தபோது, பக்கத்து வீட்டு மாமாவும் தெருக்கோடி மிலிட்டரிக்காரரும் ஒரே ஆள் என்று கண்டுபிடித்தமாதிரி இருந்தது. அந்த முழு கேமின் எடை 40 கே.பி.

1986-ல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' இன்னும் ஒரு படி மேலே. காடு, மலை, பாலைவனம், ஏரி, இடுகாடு என்று 128 திரைகள் கொண்ட ஒரு தேசம். ஒவ்வொரு திரையும் அகலவாக்கில் 16 கட்டம், உயரவாக்கில் 11 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர் என்றால்கூட அவர்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. ஆகவே மேலிருந்து கீழாக ஒரு முழு வரிசையையே ஒரு நம்பராக்கிவிட்டார்கள். ஒரு திரைக்குப் 16 வரிசை, 16 பைட். ஆக 128 திரைகளின் அமைப்பும் 2,048 பைட்டில் முடிந்தது. ஒரு தேசத்தின் வரைபடத்தை இன்லண்ட் லெட்டரில் எழுதி மடித்துக் கொடுத்தமாதிரி.

இன்றைக்கு நம் பாக்கெட்டில் இருக்கும் செல்போனுக்கு இந்தச் சிக்கனம் எதுவும் தேவையில்லை. ஆனாலும் உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான ஆசாமிகள் இன்னும் இதே 16-க்கு 16 கட்டத்தில் உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் எளிசு. முப்பரிமாணத்தில் தத்ரூபமான காடு வேண்டுமென்றால் ஒரு பட்டாளமே வேலை செய்ய வேண்டும். 16-க்கு 16 காடு என்றால் நீங்கள், ஒரு மவுஸ், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். போதும். ஆபீஸில் குப்பை கொட்டிவிட்டு வரும் மனுஷனால் தனியாகக் கட்டி முடிக்கக்கூடிய ஒரே சாம்ராஜ்யம் இதுதான்.

காலிஃப்ளவர் படலம்

'சொல்வது சுலபம், நீ வரைந்து பார்த்தாயா?' என்று கேட்பீர்கள். பார்த்தேனே!

ஜிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டு 16-க்கு 16-ல் ஒரு கட்டம் திறந்தேன். மொத்தம் 256 புள்ளி. கோலப் புள்ளியைவிடக் கொஞ்சம் அதிகம், என்ன பெரிய விஷயம் என்று ஒரு மரம் வரைந்தேன். ஒன்றரை மணி நேரம். அக்கா பையன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இது காலிஃப்ளவரா?"

"மரம்டா."

"அப்ப காலிஃப்ளவர் மரமா?"

மானம் கப்பலேறியது. ஆனால் அந்தப் பயல் சொன்னது சரி. என்ன தப்பு என்று ஆராய்ந்ததில் கிடைத்த ஞானத்தை, நீங்களும் மருமகனிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, இங்கே கொடுக்கிறேன்.

முதல் தப்பு, நிழல். மரத்தின் ஓரம் சுற்றிலும் கறுப்பாகவும், நடுவில் வெளுப்பாகவும் அடித்திருந்தேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை, மரத்துக்கு உள்ளேயிருந்தே வருகிறமாதிரி. இதற்கு பிக்ஸல் ஓவியர்கள் வைத்திருக்கும் பெயர் 'தலையணை நிழல்'. எதை வரைந்தாலும் உப்பிய தலையணைமாதிரித் தெரியும். சூரியன் இடதுபக்க மேல்மூலையில் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, மரம், பாறை, வீடு, கிணறு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சூரியனைக் காட்ட வேண்டும். ஒரு தேசத்துக்கு ஒரு சூரியன்!

இரண்டாவது தப்பு, நிறம். இலையின் நிழல் பக்கத்துக்குப் பச்சையோடு கறுப்பைக் கலந்திருந்தேன். அழுக்குத் துணி கலர் வந்தது. நிழலுக்குப் போகப் போகப் பச்சையை நீலத்தின் பக்கமும், வெயிலுக்கு வர வர மஞ்சளின் பக்கமும் தள்ள வேண்டும். கருநீலப் பச்சை, நடுப் பச்சை, மஞ்சள் பச்சை. மூன்றே நிறத்தில் மரம் உயிரோடு எழுந்து நின்றது. நிறத்தை அள்ளி இறைப்பதில் பிரயோஜனமில்லை. ஃபேமிகாமில் பின்னணி முழுவதற்குமே ஒரு சமயத்தில் 13 நிறம்தான் கிடைக்கும். அதிலேயே காடும் கடலும் காட்டினார்கள். நீங்களும் முதலிலேயே 16 நிறத்தைத் தேர்ந்தெடுத்து, 'இதற்குமேல் ஒரு கலர்கூட வாங்கமாட்டேன்' என்று சத்தியம் செய்துகொள்ளுங்கள். எந்த டைலை எந்த டைலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் ஒரே குடும்பமாகத் தெரியும்.

மூன்றாவது தப்பு, மரத்தை ஒரே டைலில் அடக்கப் பார்த்தது. விளையாடுகிற ஹீரோ மரத்துக்குப் பின்னால் நடந்துபோனால் என்ன ஆக வேண்டும்? தழை அவனை மறைக்க வேண்டும். அடிமரத்தில் அவன் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே மரத்தைக் கீழ் டைல், மேல் டைல் என்று வெட்டிவிட வேண்டும். கீழ் டைலுக்கு 'வழி கிடையாது' என்று போர்டு. மேல் டைல், ஹீரோவின் தலைக்கு மேல் ஒரு தனி அடுக்கில் வரையப்படும். 'டைல்டு' என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. டைல்களைப் பொறுக்கி வரைபடமாக ஒட்டுவது, அடுக்கு பிரிப்பது எல்லாம் அதன் வேலை.

வரைவதற்கென்றே 'ஏஸ்ப்ரைட்' என்று ஒன்று உண்டு. அதை எழுதியவர் டேவிட் கபெல்லோ. தற்செயலாக அவரும் அர்ஜென்டினாக்காரர்தான். அது விலைக்கு விற்கப்படுவது. ஆனால் அதிலிருந்து கிளைத்த 'லிப்ரெஸ்ப்ரைட்' இனாம். கையில் காசில்லாதவனுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

லுங்கி ஆகாமல் தப்பிப்பது எப்படி?

அடுத்தது புல்தரை. இது சுலபம் என்று நினைத்தேன். பச்சை அடித்து, நாலு கீற்றுப் புல் போட்டு, அழகுக்கு நடுவில் ஒரு மஞ்சள் பூ வைத்தேன். தனியாகப் பார்த்தால் பிரமாதம். அதையே வரிசையாக ஒட்டினேனா, பூவுக்குப் பூ சம தூரத்தில், கட்டம் கட்டமாக... அசல் லுங்கி டிசைன்!

கண் இருக்கிறதே, அது பொல்லாதது. திரும்பத் திரும்ப வருவதை உடனே பிடித்துவிடும். ஆகவே அடிக்கடி வரும் டைல் சாதுவாக, கண்ணை இழுக்காமல் இருக்க வேண்டும். பூ, கூழாங்கல், காளான் எல்லாம் தனித்தனி டைலாக மூன்று நான்கு வரைந்துகொண்டு, சமையலில் பெருங்காயம் போடுகிறமாதிரி அங்கங்கே தூவ வேண்டும்.

இன்னொன்று, ஒட்டு தெரியக்கூடாது. டைலின் வலது ஓரம், அதே டைலின் இடது ஓரத்தோடு பொருந்த வேண்டும். மேல் ஓரம் கீழ் ஓரத்தோடு. இதைப் பரிசோதிக்கப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. டைலைப் பாதியாக வெட்டி, இடதுபாதியை வலதுபக்கமும், மேல்பாதியைக் கீழ்ப்பக்கமும் மாற்றி வையுங்கள். ஓரத்தில் ஒளிந்திருந்த கோளாறு நடுவில் வந்து பல்லை இளிக்கும். அங்கே சரி செய்யுங்கள். ஜிம்ப்பில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஏஸ்ப்ரைட்டில் வரைய வரையவே டைல் எட்டுப் பக்கமும் பரவித் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. முடித்ததை ஜே-பெக் என்ற வகையில் சேமிக்காதீர்கள். போட்டோவுக்கு அது உத்தமம். பிக்ஸலுக்கு எமன். ஓரங்களையெல்லாம் குழப்பிச் சாம்பார் ஆக்கிவிடும். பி.என்.ஜி. என்பதுதான் இங்கே செல்லுபடி. புள்ளி வைத்தது வைத்தபடி இருக்கும்.

கரை கட்டும் கணக்கு

இனி வருவதுதான் சூட்சுமம். பாதிப் பேர் கேமை விட்டுவிட்டு ஓடுகிற இடமும் இதுதான்.

புல் வரைந்தாயிற்று. குளம் வரைந்தாயிற்று. குளத்தின் கரை? மேலே கரை, கீழே கரை, இடது, வலது, நாலு மூலை, உள்வாங்கிய மூலை... எத்தனை டைல் வேண்டும்?

ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டு அண்டை வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவரும் தண்ணீரா, புல்லா என்று இரண்டு வாய்ப்பு. 2-ஐ எட்டு முறை பெருக்கினால் 256. கேட்டதும் தலை சுற்றும். ஆனால் மூலையில் இருப்பவர், அவருக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் தண்ணீராக இருந்தால்தான் கணக்கில் வருவார். மற்றபடி அவர் எதுவாக இருந்தாலும் நம் படம் மாறாது. அப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது 47. அதுவும் கஷ்டம் என்றால் அண்டை வீடுகளை மறந்துவிட்டு, டைலின் நாலு மூலைகளை மட்டும் பாருங்கள். மூலைக்கு இரண்டு வாய்ப்பு, நாலு மூலை. வெறும் 16 டைல்! 16 டைலில் எந்த வடிவக் குளத்துக்கும் கரை கட்டிவிடலாம்.

இந்த ஓரம் பொருத்தும் கணிதத்துக்கு ஒரு பெரிய மனிதர் பெயர் இருக்கிறது. ஹாவோ வாங், சீனாவில் பிறந்த தர்க்கவியல் மேதை. ஓரங்களில் நிறம் தீட்டிய சதுரங்களை, அக்கம்பக்கத்து ஓரங்கள் ஒரே நிறமாக இருக்கும்படி அடுக்கிக்கொண்டே போக முடியுமா என்ற கேள்வியை 1961-ல் எழுப்பினார். அவர் ஆராய்ந்தது தர்க்கத்தின் ஆழமான சமாசாரம். நாமோ அதே தத்துவத்தை வைத்துக்கொண்டு குளத்துக்குக் கரை கட்டிக்கொண்டிருக்கிறோம். மேதைகளின் உழைப்பு எங்கெங்கோ போய்ச் சேருகிறது!

இப்போது கூட்டிப் பாருங்கள். புல் 4, கரை 16, பாதை 16, மலைச்சரிவு 16, மரம், பாறை, வேலி எல்லாம் சேர்த்து 20, வீடும் கதவும் ஜன்னலும் 28. சரியாக 100. இப்படி 100 டைல்களை ஒரே தாளில் வரிசையாக அடுக்கினால் அதுதான் 'டைல்செட்'. ராத்திரிக்கு ஒன்று என்றாலும் நூறு நாள். மூன்று மாதத்துச் சொச்சத்தில் உங்கள் கையில் ஒரு தேசம்!

யார் வீட்டு டைல்?

'எதுக்கு ஸார் இவ்வளவு பாடு? பழைய கேமிலிருந்து அப்படியே டைல்களை உருவி ஒட்டிக்கொள்ளலாமே?' என்பார்கள் சிலர். உருவலாம். ரசிகர்களில் பெரும்பாலோர் ஆரம்பிப்பதும் அப்படித்தான். கற்றுக்கொள்ள அது நல்ல பள்ளிக்கூடமும்கூட. பழைய டைலைப் பெரிதாக்கி, எந்தப் புள்ளியை எங்கே வைத்தான், ஏன் வைத்தான் என்று பார்த்தால் பாதி வித்தை தெரிந்துவிடும். ஆனால் அந்த டைலோடு ஊரைக் கூட்டினால், பத்து வருஷம் கழித்தும் கடுதாசி வரும். மில்டன் குவாஸ்திக்கு வந்தது. அவர் கேம் வந்த அதே மாதம், 'போகிமான் யுரேனியம்' என்று இன்னொரு ரசிகர் கேம், ஒன்பது வருஷ உழைப்புக்குப் பிறகு வெளியாகி, 15 லட்சம் தடவைக்கு மேல் டவுன்லோடு ஆன கையோடு, அதே காரணத்துக்காக அதை உருவாக்கியவர்களே லிங்குகளைக் கழற்றிவிட்டார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டைலை மட்டும் சொந்தமாக வரைந்தால் போதாது. ஹீரோவின் பெயர், கதை, வில்லன், இசை எல்லாம் மற்றவருடையதாக இருந்தால் உங்கள் 100 டைல்கள் காப்பாற்றாது. ஆனால் நடைமுறையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. நூறு டைல் சொந்தமாக வரைந்தவனுக்கு, அந்தத் தேசத்தில் வேறொருவன் ஹீரோவைக் குடிவைக்க மனசு வருவதில்லை. 'இது நம்ம ஊர், நம்ம ஆளையே விடுவோம்' என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

அதற்கு உதாரணம் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ரசிகர்கள் 'சோலாரஸ்' என்று ஓர் இலவச இன்ஜின் செய்தார்கள். செல்டா மாதிரி கேம் செய்வதற்கென்றே செய்தது. 2011-ல் அதில் வந்த 'மிஸ்டரி ஆஃப் சோலாரஸ்' முழுக்க முழுக்க செல்டா ரசிகர் கேம். அதே இன்ஜினில் மேக்ஸ் ம்ராஸ் என்பவர் 'ஓஷன்ஸ் ஹார்ட்' என்ற கேமைச் செய்தார். தீவு தீவாக அலையும் ஒரு பெண்ணின் கதை. விளையாடினால் செல்டா வாசனை மூக்கைத் துளைக்கும். ஆனால் அந்தத் தீவும் பெண்ணும் அவருடையவை. 2021 ஜனவரியில் பகிரங்கமாக, காசுக்கு, விற்பனைக்கே வந்தது. கடுதாசி வரவில்லை.

எரிக் பரோன் கதை இன்னும் பிரசித்தம். அமெரிக்காவின் சியாட்டில் பக்கம். படிப்பு முடித்துச் சரியான வேலை கிடைக்காமல், ஒரு தியேட்டரில் இடம் காட்டும் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து தன் அபிமான 'ஹார்வெஸ்ட் மூன்' போல ஒரு விவசாய கேம் செய்ய ஆரம்பித்தார். நாலரை வருஷம். புரோகிராம், பாட்டு, கதை, 16-க்கு 16 டைல்கள் எல்லாம் ஒற்றை ஆள். வரைந்தது பிடிக்கவில்லை என்று பலமுறை அழித்து வரைந்திருக்கிறார். 2016 பிப்ரவரியில் 'ஸ்டார்ட்யூ வேலி' என்ற பெயரில் வெளியானது. 2024 டிசம்பர் வரை விற்ற பிரதிகள் 4 கோடிக்கு மேல்!

உடனே வேலையை ராஜினாமா செய்துவிட்டு மவுஸைத் தூக்காதீர்கள். கோடி, லட்சம் எல்லாம் ஆயிரத்தில் ஒருவருக்கு. பாதியில் நின்றுபோன கேம்கள்தான் உலகத்தில் ஏராளம். வரையவே வராது என்று சத்தியம் செய்பவர்களுக்கும் வழி உண்டு. 2012-ல் 'லிபரேட்டட் பிக்ஸல் கப்' என்று ஒரு போட்டி நடந்தது. 32-க்கு 32 டைல்கள், எல்லோரும் ஒரே பாணியில், ஒரே வெளிச்சத்தில் வரைந்து பொதுச்சொத்துமாதிரி வைத்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டே நிபந்தனைதான். வரைந்தவர் பெயரைப் போட வேண்டும். நீங்கள் அதை மாற்றி வரைந்தால், அந்த மாற்றத்தையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள விட வேண்டும். பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து அடுத்த பந்திக்குப் பரிமாறுகிறமாதிரி.

சரி, மில்டன் குவாஸ்தி என்ன ஆனார்? கேம் போச்சு, மனுஷன் போகவில்லை. 'இவ்வளவு நேர்த்தியாகக் குகை கட்டுகிறவன் யாரப்பா?' என்று மூன் ஸ்டூடியோஸ் என்ற கம்பெனி அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. 2020-ல் அவர்கள் வெளியிட்ட 'ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்' கேமில் அவர் கைவண்ணமும் உண்டு. லிங்குகளைத்தான் கழற்ற முடிந்தது. பத்து வருஷத்தில் விரலுக்குள் இறங்கிய வித்தையை யாராலும் கழற்ற முடியவில்லை.

என் நிலவரம்? இன்றைய தேதிக்கு 23 டைல்கள். கரை 16-ம் முடித்துவிட்டேன், அதில் இரண்டு கொஞ்சம் ஒழுகுகிறது. போன வாரம் மரத்தை நாலாவது தடவையாக வரைந்து, மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"மரம்தான் மாமா" என்றான் பெரிய மனசு பண்ணி. பிறகு, "இதுல ஏறினா என்ன தெரியும்?"

அதற்குத்தான் இப்போது 24-வது டைல் வரைந்துகொண்டிருக்கிறேன்.